பழைய வர்ணத்தின்மேல் புதிய வர்ணம்: பூசுவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள்

தைப்பொங்கல் நெருங்குங் காலத்தில் மேல்பட்டாம்பாக்கத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் சுவர்களுக்கு வெள்ளையடித்தலும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதலும் மும்முரமாக நடைபெறுவது வழக்கம். போகிப் பண்டிகைக்குள் வேலை முடிந்தாகவேண்டும் என்ற அவசரத்தில், முன் வருஷங்களிற் பூசிய வர்ணம் எந்த நிலைமையில் இருக்கிறது என்பதைக் கவனியாமல், அதன்மேலேயே புதிய வர்ணம் பூசப்பட்டுவிடுகிறது. பண்டிகையன்று பளபளப்பாகக் காணப்பட்ட கதவு சித்திரை வெயிலிற் பொரிந்து, அடுத்த ஐப்பசி மழையிற் செதிள் செதிளாக உதிர்கிறது. வீட்டுக்காரர் வர்ணத்தின்மேற் குறை கூறுகிறார்; கடைக்காரர் வேலையாளின்மேற் குறை கூறுகிறார். அநேகமாக இருவர் கூறுவதும் சரியன்று. புதிய வர்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், தன் அடியிலுள்ள பூச்சு எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவே அதுவும் உறுதியாக இருக்கும். அடிப்பூச்சு மரத்தை விட்டுக் கிளம்பினால் மேற்பூச்சும் அதனுடன் கிளம்பவேண்டியதே.

பணச் செலவைப் பற்றிய இவ்விஷயத்தைக் காட்டிலும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பழைய வர்ணத்தைச் சுரண்டுவதில் எழும் தூளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அத்தூள் திண்ணையிலும் முற்றத்திலும் படிந்து, தவழும் குழந்தைகளின் கைவழியாக வாய்க்குச் செல்லுமாயின் விளையும் தீங்கு, எந்த வர்ணத்தின் அழகாலும் ஈடுசெய்யத்தக்கதன்று. ஆகையால் பழைய பூச்சைச் செப்பனிடும் முறையை வீட்டுக்காரரே தெரிந்துகொண்டு, அம்முறைப்படி வேலை வாங்குதல் அவசியமாகிறது.

வேலைக்கு ஏற்ற காலம்

மேல்பட்டாம்பாக்கம், விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் ரயில் பாதையில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே அமைந்துள்ள பேரூராகும். தென்பெண்ணை, கெடிலம் ஆகிய இரண்டு ஆறுகள் பாயும் இப்பிரதேசத்திற்குக் கடலும் தொலைவிலில்லை. கடலூர் ஜில்லா பெறும் வருஷ மழையிற் பாதிக்கு மேற்பட்ட பாகம் ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினாற் பெய்கிறது. மழை ஓய்ந்த மார்கழியிலும் இரவெல்லாம் பனி இறங்குகிறது. சுவர்களும் மரங்களும் வருஷத்தில் மிக அதிகமான ஈரத்தை உட்கொண்டிருக்குங் காலம் இதுவே. இந்தக் காலத்தையே எண்ணெய் வர்ணம் பூசுவதற்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்வது பண்டிகையை உத்தேசித்தேயன்றி வேலையின் நன்மையை உத்தேசித்தன்று. எண்ணெய் வர்ணமும் எனாமலும் காய்ந்தபின் ஈரத்தை எளிதில் வெளிவிடா. உள்ளே அகப்பட்ட ஈரம் பங்குனி, சித்திரை மாதங்களின் உஷ்ணத்தில் ஆவியாகி வெளிவர முயலும்போது பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது.

ஆயினும் பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டுவதில்லை. சுண்ணாம்புக்கும் எண்ணெய் வர்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்து வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டாற் போதும். நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறியே சுவரைப் பற்றுகிறது. அம்மாறுதலுக்குச் சிறிது ஈரம் வேண்டும். ஆகவே மார்கழியின் ஈரம் வெள்ளையடிப்புக்கு இடையூறாவதில்லை. வறண்ட சுவரானால் வெள்ளையடிக்குமுன் தண்ணீர் தெளிப்பதே முறை. பொங்கலுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்துக்கொண்டு, கதவு, ஜன்னல், தூண், இரும்புக் கிராதி ஆகியவற்றின் வர்ண வேலையை மாசி, பங்குனி மாதங்களுக்கு ஒத்திவைப்பவர்கள் இரண்டு வகையிலும் நன்மை அடைவார்கள். அம்மாதங்களிற் பண்டிகைக் காலத்தைப் போல் ஆட்களுக்கு முட்டுப்பாடு இராது. காலையிற் பனி நீங்கி வெயில் ஏறியபின் வேலையைத் தொடங்கி, மாலைப் பனி இறங்குமுன் பூச்சு தொடு உலர்வாகும்படி முடித்தல் நன்று. உச்சி வெயில் நேரே படும் கதவில் அந்நேரத்திற் பூசலாகாது.

பழைய பூச்சைப் பரீட்சித்தல்

சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் பூச்சின் நிலைமையைச் சோதித்தறிய வேண்டும். இதற்குக் கருவிகள் மிகுதியாக வேண்டுவதில்லை. உள்ளங்கையால் அழுத்தித் தடவினால் மாவு போல் ஒட்டிக்கொள்ளும் பூச்சு வெயிலிற் பலமிழந்ததாகும். கூர்மையான கத்தியினால், விரலளவு இடத்திற் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் கீறி, அதன்மேல் ஒட்டுநாடா ஒன்றை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தால், கீறிய கட்டங்கள் நாடாவுடன் வருகின்றனவா என்பதைக்கொண்டு பூச்சின் பிடிப்பு விளங்கும். கட்டங்கள் உதிராமல் நின்றால் அப்பூச்சு நல்ல பூச்சே. கோடு கீறிய இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

சுவரிலுள்ளது எண்ணெய் வர்ணமா, நீரிற் கலந்து பூசும் எமல்ஷனா என்பதில் ஐயம் உண்டானால், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஓரிடத்திற் சற்று நேரம் தேய்த்துப் பார்க்கலாம். எமல்ஷன் இளகித் துணியில் நிறம் ஏறும். காய்ந்த எண்ணெய் வர்ணம் இளகாது. சுவரில் ஈரம் உள்ளதா என்பதற்கு எளிய வழி, ஒரு முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரங்களும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்தலாகும். தாளின் உட்புறத்தில் வியர்த்திருந்தால் அச்சுவர் இன்னும் வர்ணத்துக்கு ஆயத்தமாகவில்லை.

நன்றாகப் பற்றியிருக்கும் பழைய பூச்சை உரிக்கவேண்டிய அவசியமே இல்லை. எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை சுரண்டினாலன்றி வேலை சுத்தமாகாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது வீண் செலவு. மேலே கூறிய ஈயத் தூளைத் தேவையின்றி எழுப்பும் செயலுமாகும். கிளம்பியதை மட்டும் நீக்குவதும், நின்றதைக் கழுவி அதன் பளபளப்பைப் போக்குவதுமே சரியான வேலை.

ஈயத்தினால் வரும் அபாயம்

வர்ணத்திற் காரீயத்தின் உப்புக்களைச் சேர்க்கும் வழக்கம் மிகப் பழமையானது. ஈய வெள்ளை நன்றாக மறைக்கும். சிவப்பு ஈயம் இரும்பைத் துருவினின்றும் காக்கும். மஞ்சள், ஆரஞ்சு நிறங்களும் பச்சையிற் சில வகைகளும் ஈயக் குரோமேட்டினால் உண்டாக்கப்பட்டன. எண்ணெய் விரைவிற் காயவும் ஈயம் சேர்க்கப்பட்டது. இவற்றாலுண்டாகும் தீங்கு நெடுநாட்களுக்கு முன்பே கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த லாக்ஹார்ட் கிப்சன் என்னும் வைத்தியர், அங்குள்ள குழந்தைகளுக்கு உண்டான ஈய நஞ்சுக்கு வீட்டுத் தாழ்வாரக் கிராதிகளிலும் சுவர்களிலும் பூசிய வர்ணமே காரணம் என்று 1904-ஆம் வருஷத்தில் எழுதினார். கடும் வெயிலில் அவ்வர்ணம் மாவாகிக் குழந்தைகளின் கைகளில் ஒட்டியது. விரல் சூப்புவதாலும் நகம் கடிப்பதாலும் வயிற்றுக்குட் சென்றது. வெயிலிலும் தாழ்வாரத்திலும் நம் நாட்டுக்கும் அந்நாட்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்கலாம். வீட்டின் உட்புற வேலைகளில் ஈய வெள்ளையைத் தவிர்ப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று 1921-ல் ஜினீவாவில் ஏற்பட்டது. அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் 1978-ல் விலக்கப்பட்டது.

இந்தியாவிலோ, இதைப்பற்றிய கட்டாயமான விதிகள் 2016-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன. அவற்றின்படி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரிய வர்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது. ஆகவே 2017-க்கு முன் எனாமல் பூசப்பட்ட கதவு, ஜன்னல், கட்டில், தொட்டில், கிராதி ஆகியவற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்தல் உசிதம். வருஷந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட பழைய வீட்டுக் கதவில், மேற்பூச்சு புதியதாயினும் அடியிலுள்ளவை பழையனவே. மேற்படி விதிகள் வீட்டு வர்ணங்களை மட்டும் பற்றியவை. டிராக்டருக்கும் யந்திரங்களுக்கும் என்று விற்கப்படும் தொழில் வர்ணங்களை அவை கட்டுப்படுத்தவில்லை. யந்திரத்துக்குப் பூசி மிஞ்சிய வர்ணத்தை வீட்டுக் கதவுக்குப் பூசிவிடுவது சிக்கனமாகத் தோன்றினும் செய்யத்தக்கதன்று.

ஈயம் உடலிற் புகுந்தால் இரத்தம் குன்றும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியும் படிப்பில் ஊக்கமும் குறையும். கர்ப்ப ஸ்திரீகளின் வயிற்றிலுள்ள சிசுவையும் அது பாதிக்கும். உட்சென்ற ஈயத்தைப் பெரியவர்களைப் போல் நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் குடல் கிரகித்துக்கொள்கிறது. இவ்வளவு ஈயத்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை.

மாடு வளர்ப்போரும் இதனைக் கவனித்தல் வேண்டும். கன்றுகளுக்கு நக்கும் சுபாவம் உண்டு. வர்ணம் உரியும் பலகை, படல், கிராதி ஆகியவற்றை நக்கிக் கன்றுகள் ஈய நஞ்சால் மடிவது உலகெங்கும் கால்நடை வைத்தியர்கள் அறிந்த விஷயம். பழைய கதவைத் தொழுவத்துக்கு மறைப்பாக வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் மிகுதி. காலியான வர்ண டப்பாவிற் கன்றுக்குக் கழுநீர் வைப்பதும், விதை தானியம் கொட்டிவைப்பதும் அவ்வாறே தவிர்க்கத்தக்கவை. மாட்டுப் பொங்கலன்று கொம்புகளுக்கு எனாமல் பூசுவது பிற்காலத்தில் வந்த வழக்கமாகும். ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் பிராணிகளுக்கு மஞ்சளும் காவியும் எவ்வளவோ மேலானவை.

சுரண்டிய வர்ணத்தையும் வர்ணம் பூசிய பலகைகளையும் எரிக்கலாகாது என்பதை வற்புறுத்திச் சொல்லவேண்டும். போகித் தீயில் முதலில் விழுவன உளுத்துப்போன கதவுப் பலகையும் ஜன்னற் சட்டமுமே. எரிப்பதனால் ஈயம் அழிவதில்லை; ஒரு பகுதி புகையோடு செல்ல, மற்றது சாம்பலில் தங்கிவிடுகிறது. அந்தச் சாம்பலாற் பாத்திரம் துலக்குவதும், அதனைக் கத்தரி, கீரைப் பாத்திகளில் தூவுவதும், எருக்குழியிற் போடுவதும் வழக்கமாகையால், கதவிலிருந்த ஈயம் கலத்துக்கும் நிலத்துக்கும் வந்துசேர்கிறது. நிலத்திற் சேர்ந்த ஈயம் பயிர் மாற்றத்தாலோ உழவாலோ நீங்குவதன்று. தீயினால் வர்ணத்தைப் பொசுக்கி எடுக்கும் முறையும் இக்காரணத்தாலேயே விலக்கத்தக்கது.

கதவு ஜன்னல்களைச் செப்பனிடுதல்

வேலை தொடங்குமுன் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அவ்விடத்தினின்றும் அப்புறப்படுத்த வேண்டும். சாமான்களை வெளியேற்றி, கதவுக்கடியில் தடித்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் இரண்டு முழம் நீண்டிருக்கும்படி விரிக்கவேண்டும். கதவைக் கீலினின்றும் கழற்றி, கிணறும் தொழுவமும் இல்லாத பக்கத்தில் வைத்து வேலை செய்தல் இன்னும் நல்லது.

முதல் வேலை கழுவுதல். இதைப் பலர் உப்புத்தாள் தேய்த்தபின் செய்கிறார்கள். அது முறை தவறியதாகும். தலைவைத்துச் சாய்ந்த எண்ணெயும், கைபட்ட அழுக்கும், சமையலறைக் கரியும் உள்ள கதவை முதலிலேயே தேய்த்தால், அந்தப் பிசுக்கு உப்புத்தாளினாற் பூச்சுக்குள் அழுந்திவிடுகிறது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, துணியால் கீழிருந்து மேலாகக் கழுவி, பின் சுத்த ஜலத்தால் இரண்டு முறை துடைக்க வேண்டும். சோடா தங்கிவிட்டால் எண்ணெய் வர்ணம் அதனோடு சேர்ந்து சோப்பாக மாறி இளகிவிடும். சிலர் முழுப் பூச்சையும் நீக்குவதற்குக் காஸ்டிக் சோடாவைப் பூசுகிறார்கள். அது கையையும் கண்ணையும் புண்படுத்துவதோடு, மரத்தின் துவாரங்களிற் புகுந்து பல மாதங்களுக்குப் பின்னும் புதிய பூச்சைக் கிளப்புகிறது.

கழுவிய மரம் உலர்ந்தபின், கிளம்பிய பூச்சை நனைத்து நனைத்துச் சுரண்ட வேண்டும். ஒரு கையில் நீர் தெளிக்கும் குப்பியும் மற்றொரு கையில் சுரண்டியுமாக வேலை செய்தால் தூள் பறவாது. செதிள்கள் சேறாகத் தாளில் விழும். உப்புத்தாளையும் வறட்சியாகத் தேய்க்காமல், நீரில் தோய்த்துத் தேய்க்கும் வகையை, வர்ணக்காரர் வாட்டர் பேப்பர் என்பதை, உபயோகிக்க வேண்டும். முதலில் 120-ஆம் நெம்பரும் பின்னர் 220-ஆம் நெம்பரும் வீட்டுக் கதவுக்குப் போதுமானவை. யந்திரத்தால் வறட்சியாகத் தேய்ப்பது வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் வீடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத தூளைப் பரப்பிவிடும். மூக்கிற் துண்டு கட்டிக்கொள்வதால் இந்நுண்ணிய தூள் தடுக்கப்படுவதில்லை; தூளைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட முகமூடி வேண்டும்.

உரிந்த இடத்துக்கும் நின்ற பூச்சுக்கும் இடையில் ஒரு படி போன்ற விளிம்பு தென்படும். இவ்விளிம்பை விரல் நுனியில் தட்டாதவாறு மழுக்குவதிலேதான் வேலையாளின் திறமை விளங்குகிறது. விளிம்பு நின்றால் புதிய பூச்சு அவ்விடத்தில் மெலிந்து, நீர் புகுந்து, மறுபடியும் அங்கிருந்தே உரியத் தொடங்கும். பளபளப்பு நீங்கி மங்கலாகும் வரை மற்ற இடங்களை இலேசாகத் தேய்த்தாற் போதும்.

பின்னர் வெறும் மரம் தெரியுமிடங்களுக்கு முதற் பூச்சு, அதாவது பிரைமர், கொடுத்து ஒரு நாள் காயவிட வேண்டும். அதன்பின்னரே வெடிப்பு, ஆணித்துவாரம் ஆகியவற்றுக்கு மக்கு வைத்தல் வேண்டும். முதலில் மக்கு வைத்துப் பின்பு பிரைமர் அடிப்பவர்கள் உண்டு. வெறும் மரம் மக்கிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் அம்மக்கு வறண்டு, பாளம் பாளமாக விழுந்துவிடும். ஆளிவிதை எண்ணெயிற் சீமைச்சுண்ணாம்புத் தூளைப் பிசைந்து செய்யும் மக்கு சிறு துவாரங்களுக்குச் சிறந்தது. மக்கு இறுகியபின் ஈரத்தாளால் சமனாக்கி, அவ்விடத்துக்கு மட்டும் மீண்டும் ஒருமுறை பிரைமர் தொட்டுவிட வேண்டும்.

இந்தப் பிரதேசத்துக் கதவுகளிற் சில விசேஷங்கள் உண்டு. கறையானுக்கு அஞ்சி நிலைக்காலின் அடியிற் தார் பூசியிருந்தால், அதன்மேல் எந்த வர்ணம் பூசினும் சில வாரங்களிற் பழுப்புக் கறை மேலே ஊறிவரும். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயை மரத்துக்குப் பூசியிருப்பின் அது முற்றும் காயாதவரையில் வர்ணம் பிடிக்காது. அந்த எண்ணெய் தோலைப் பொசுக்குமாதலால் கையுறையின்றிச் சுரண்டலாகாது. விளக்கு மாடத்தைச் சுற்றிய பலகையிலும் பலகாலம் விளக்கெண்ணெய் ஊறியிருக்கும். மரக்கணுவிலிருந்து பிசின் கசிவதும் உண்டு. இவ்வெல்லாவற்றுக்கும் பழைய தச்சர்கள் கையாண்ட மருந்து ஒன்றே: ஸ்பிரிட்டிற் கரைத்த அரக்கு வார்னிஷை இரண்டு முறை பூசித் தடுப்புக் கட்டிவிட்டு, அதன்மேல் பிரைமர் அடித்தல். கதவின் தலைப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் யாரும் பார்ப்பதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மழைநீரை மரம் உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த இரண்டு வெட்டுமுனைகளின் வழியாகத்தான். கதவைக் கழற்றியிருக்கும்போது அவற்றுக்கும் பூச்சுக் கொடுத்துவிட்டால் மழைக்காலத்திற் கதவு உப்பித் தட்டுவது பெரிதும் குறையும்.

சுவர்கள்

பழைய வீடுகளின் சுவர்களிற் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காக ஏறித் தடித்திருக்கும். சுண்ணாம்பின்மேல் மீண்டும் சுண்ணாம்பே அடிப்பதாயின், கிளம்பியதைத் தட்டிவிட்டு நார்த்துடைப்பத்தால் துடைத்து ஈரப்படுத்தினாற் போதும். ஆனால் சுண்ணாம்பின்மேல் டிஸ்டெம்பரோ எமல்ஷனோ சிமெண்டு வர்ணமோ பூச விரும்பினால், சுண்ணாம்பு முழுவதையும் ஈரத்தோடு சுரண்டி எடுக்காமற் பூசுவது வீண். மாவின்மேல் ஒட்டிய காகிதம் போல அவை சுருண்டு விழும். பசையிற் கலந்த பழைய உலர் டிஸ்டெம்பராயின் வெந்நீரும் துணியும் கொண்டே கழுவி எடுத்துவிடலாம். பாசியும் பூஞ்சக்காளானும் கறுத்துப் படிந்த சுவரைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீராற் கழுவி, கால் மணி நேரம் விட்டு, நல்ல நீரால் அலம்ப வேண்டும். அந்நீருடன் அமிலங்களைக் கலந்தால் நச்சுவாயு எழும்.

சுவரின் அடிப்பாகத்தில் இரண்டு மூன்று அடி உயரம்வரை உவர் பூத்து, காரை பொரிந்து உதிர்வது இப்பக்கத்து வீடுகளுக்குப் பொதுவான நோய். மண்ணிலுள்ள ஈரம் சுவரில் ஏறுகையில் உப்பையும் உடன் கொண்டுசெல்கிறது. ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு பரல்களாக உறைந்து பூச்சைத் தள்ளுகிறது. இதற்கு வர்ணம் மருந்தாகாது. உவரைத் தண்ணீர்விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே செல்லும்; ஆகையால் உலர்ந்த தூரிகையாற் கூட்டி வாரி அப்புறப்படுத்துவதே முறை. ஆயினும் அவ்விடத்தில் எண்ணெய் வர்ணம் பூசப்பட்டிருந்தால், வர்ணத்தை நனைத்து நீக்கி, காய்ந்தபின் வெளிவரும் உவரைக் கூட்ட வேண்டும். அதன்பின் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டும். கூரைநீர் சுவரோரம் விழுவது, தெரு மட்டம் உயர்ந்து திண்ணைக்கு மேல் மண் ஏறியிருப்பது, சுவரை ஒட்டி மாடு கட்டுவது, குளிக்கும் நீர் அங்கேயே தேங்குவது ஆகியவை பெரும்பாலும் காரணங்களாக இருக்கும்.

சுண்ணாம்புக் காரையாற் கட்டிய பழைய சுவருக்கு, உவரை மறைக்கும் பொருட்டுச் சிமெண்டு பூசுகிறவர்கள் பலர். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளிவிடும். சிமெண்டு அதனை உள்ளே அடக்கும். அடக்கப்பட்ட ஈரம் இன்னும் உயரமாக ஏறி, முன்பு இரண்டடியில் இருந்த உவர் நான்கடிக்கு வந்துவிடுவதுண்டு. அத்தகைய சுவரின் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையுமே பொருத்தம். அங்கு எண்ணெய் வர்ணம் வேண்டாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலும், 2015-ஆம் வருஷத்து மழை வெள்ளமும் போன்றவற்றுக்குப் பின் சுவர்கள் ஆழ்ந்து நனைந்திருக்கும். அவை ஒரு கோடை முழுவதும் காய்ந்தாலன்றிச் சுண்ணாம்பு தவிர வேறெதையும் ஏற்கமாட்டா.

இரும்பு

இரும்புக் கிராதிகளில் துரு கண்ட இடத்தைக் கம்பித் தூரிகையால், நீர் தெளித்து, தேய்த்து எடுத்து, உடனே துடைத்து உலர்த்தி, அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். ஒரு இரவுப் பனி பட்டாலும் துரு மீண்டும் பூக்கும். துடைப்பதற்கு மண்ணெண்ணெய் உபயோகித்தால் அதன் எண்ணெய்ப்பசை தங்கிப் பிடிப்பைக் கெடுக்கும், டர்ப்பன்டைன் நல்லது. சிவப்பு ஈயமும், கடைகளில் ரெட் ஆக்சைடு என்று விற்கப்படும் இரும்புக் காவியும் நிறத்தில் ஒத்திருப்பினும் வேறு வேறானவை. வாங்கவேண்டியது பின்னது. பழைய கிராதியில் ஆரஞ்சுச் சிவப்பான அடிப்பூச்சு தென்பட்டால் அது சிவப்பு ஈயமாக இருக்கலாம் என்று கருதி நடத்தல் வேண்டும்.

வேலையாட்களும் கழிவுகளும்

வர்ண வேலையைச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசும் முறை பரவியிருக்கிறது. இம்முறையில் எவ்வளவு சீக்கிரம் மேற்பூச்சு முடிகிறதோ அவ்வளவு லாபமாகையால், கழுவுதலும் காயவிடுதலும் தாமே குறைந்துவிடுகின்றன. இதற்கு வேலையாளைக் குறை கூறுவதிற் பயனில்லை. செப்பனிடும் வேலைக்கு நாட்கூலியும், பூசும் வேலைக்கு அளவுக் கூலியும் என்று தனித்தனியே பேசிக்கொண்டால் இருவருக்கும் நியாயமாகும். ஈயத் தூளினால் எல்லோரைக் காட்டிலும் அதிகமாகப் பாதிக்கப்படுகிறவன் அந்த வேலையாளே. பீடி குடிப்பதற்கும் வெற்றிலை போடுவதற்கும் உண்பதற்கும் முன் சோப்பினாற் கைகழுவ நீரும், முகமூடியும் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளின் துணியோடு துவைக்காமலிருக்கும்படியும் சொல்லவேண்டும்.

ஒவ்வொரு நாளும் மாலையில் தாளை உட்புறமாக மடித்துச் சுருட்டி, செதிள்களையும் சேற்றையும் மூடியுள்ள டப்பாவில் அடைக்க வேண்டும். தரையை விளக்குமாற்றாற் கூட்டாமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். அத்துணியும் டப்பாவிலேயே சேரவேண்டும். கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றலாகாது. டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லிப் பேரூராட்சி அல்லது ஊராட்சித் துப்புரவு ஆட்களிடம் தனியாக ஒப்படைக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களின் பார்வையிலுள்ள பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பஞ்சாயத்துக் கட்டடம் ஆகியவற்றில் மேற்கூறிய ஜாக்கிரதைகள் இன்னும் அதிகமாக வேண்டும். அங்கே ஜன்னற் கம்பிகளும் சாய்வுப் பலகைகளும் குழந்தைகளின் வாயெட்டும் உயரத்தில் இருக்கின்றன. கோடை விடுமுறையில் மட்டுமே வேலையை நடத்துவது, மதிப்பீட்டில் ஈரமாகச் சுரண்டுவதற்கும் கழிவை அகற்றுவதற்கும் தனித் தொகை சேர்ப்பது, 90 பங்குக்கு மேல் ஈயமில்லை என்று டப்பாவின் மேல் அச்சிடப்பட்ட வர்ணத்தையே வாங்குவது ஆகிய மூன்றையும் ஒப்பந்தம் எழுதும்போதே சேர்த்துவிட வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன் தரை, பெஞ்சு, ஜன்னற் படி, விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் சோப்பு நீராற் துடைக்கப்பட்டனவா என்பதையும், ஜன்னலுக்கு வெளியே மண்ணிற் செதிள்கள் கிடந்தால் மேல்மண்ணோடு வாரி அகற்றப்பட்டனவா என்பதையும் நேரிற் சென்று பார்த்த பின்னரே வேலை முடிந்ததாகக் கையொப்பமிடலாம்.